ஒரே கம்பியில் கணினியும் தொலைபேசியும்

"நாங்க பேசறது அவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குதாம். ஆனா அவங்க பேசறது எங்களுக்குத் தெளிவாத்தான் இருக்கு."

அலுவலகத்தில் இணையத் தொலைபேசி போட்ட முதல் சில நாட்களில் எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். சொல்பவர் அனேகமாக வரவேற்பு மேசையில் இருப்பவர். அவருக்கு நெட்வொர்க் பற்றித் தெரியாது, தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனாலும் கோளாறு எந்தப் பக்கம் என்று அவரே சொல்லிவிட்டார். உள்ளே வரும் குரல் சரியாக இருக்கிறது, வெளியே போகும் குரல்தான் சிதைகிறது. அப்படியென்றால் மேசையில் இருக்கும் கருவியைத் தொடவே வேண்டாம். அப்லோடு போகும் வழியில் எதுவோ அடைத்துக்கொண்டு நிற்கிறது.

நடப்பது என்னவோ வேறு. முதலில் போனை மாற்றுவார்கள். பிறகு ஹெட்செட்டை மாற்றுவார்கள். சேவை கொடுத்தவரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் "இன்டர்நெட் ஸ்பீடை ஏத்திட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார். அந்த யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போகும், ஏனென்றால் அதில் யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

என் அனுபவத்தில், தொலைபேசி வந்ததால் நெட்வொர்க் கெட்டுப்போன அலுவலகங்கள் குறைவு. ஏற்கெனவே கெட்டிருந்தது தெரியவந்த அலுவலகங்கள்தான் அதிகம். மின்னஞ்சல் இரண்டு விநாடி தாமதமாகப் போனால் யாருக்கும் தெரியாது. இணையப் பக்கம் கொஞ்சம் தயங்கித் திறந்தால் "இன்னிக்கு நெட் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கணினிகள் அத்தனை காலமும் சகித்துக்கொண்டிருந்ததைத் தொலைபேசி ஒரு நாள்கூடச் சகிக்காது.

இத்தனைக்கும் குரலுக்கு அகலமான பாதை தேவையே இல்லை. அலுவலகப் போன்களில் இன்றும் பரவலாகப் பயன்படும் கோடெக் (குரலை எண்களாக மாற்றும் முறை) ஜி.711. விநாடிக்கு 8,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது. ஆக 64 கிலோபிட். இதை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பினால் விநாடிக்கு 50 பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். அதன் மேல் ஐ.பி., யூ.டி.பி., ஆர்.டி.பி. என்று மூன்று உறைகள் சேர்ந்து 40 பைட். ஈத்தர்நெட் உறையையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 87 கிலோபிட். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. ஜி.729 என்ற சிக்கனக் கோடெக் இன்னும் குறைவு. அதில் குரல் மட்டும் 8 கிலோபிட்தான், உறைகள் சேர்ந்து 31 ஆகிறது. உள்ளே இருப்பதைப்போல உறை ஏறத்தாழ மூன்று மடங்கு கனம்! அப்லோடு மிகக் குறுகலாக இருந்தாலொழிய ஜி.729 பக்கம் நான் போவதில்லை. கேட்பவருக்கு வித்தியாசம் தெரிகிறது.

அளவு பிரச்சினை இல்லை என்றால் வேறு என்ன? நேரம். வாய்க்கும் காதுக்கும் இடையில் ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. 400ஐத் தாண்டவே கூடாது என்றும் அது சொல்கிறது. 150க்கு மேலே போகப் போக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று தடுமாறுவார்கள். தாமதம் சீராக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். ஒரு பாக்கெட் 10 மில்லிவிநாடியில், அடுத்தது 90இல், அதற்கடுத்தது 15இல் என்று வருவதுதான் பெரிய தொல்லை. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஜிட்டர் என்கிறோம். தவறிய மிருதங்க அடியை அடுத்த ஆவர்த்தனத்தில் வாசித்து ஈடுகட்ட முடியாது, குரல் பாக்கெட்டும் அப்படித்தான். தாமதமாக வந்ததைப் போன் தூக்கி எறிந்துவிடும். கோப்பு இறக்கும்போது விடுபட்ட துண்டை மறுபடி கேட்டு வாங்கலாம், அதற்கு இங்கே நேரம் கிடையாது.

போனுக்குள் ஜிட்டர் பஃபர் என்று ஒன்று இருக்கிறது. சில பத்து மில்லிவிநாடி அளவுக்குப் பாக்கெட்டுகளைப் பிடித்து வைத்து, சீராக்கிக் காதுக்கு விடும். ஒரு பாக்கெட் காணாமல் போனால் முந்தையதை வைத்து ஒப்பேற்றவும் செய்யும். அடுத்தடுத்து நாலைந்து போனால் ஒப்பேற்ற ஒன்றுமில்லை. "கேக்குதா? கேக்குதா?" அங்கேதான் தொடங்குகிறது.

இனி அந்த அடைப்புக்கு வருவோம். கட்டுரையில் இதற்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்கப்போகிறேன், ஏனென்றால் இது சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒரு மதிய வேலை.

அலுவலகத்துக்குள் கம்பிகள் 1,000 மெகாபிட் வேகத்தில் ஓடுகின்றன. வெளியே போகும் இணைப்பில் அப்லோடு 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை மேகச் சேமிப்புக்கு ஏற்றுகிறார். அவருடைய கணினி ரவுட்டர் வழியாக மோடத்தை (வெளி இணைப்பு வந்து சேரும் பெட்டியை) நோக்கிக் கொட்டுகிறது, மோடமோ சொட்டுச் சொட்டாகத்தான் வெளியே விட முடியும். மிச்சம் வரிசையில் நிற்கும். மோடத்தின் வரிசையில் 256 கிலோபைட் பிடிக்கும் என்றால், 2 மெகாபிட் வேகத்தில் அது காலியாக ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அந்த வரிசையின் வாலில் வந்து நிற்கும் குரல் பாக்கெட்டின் கதி என்ன? 150 மில்லிவிநாடி என்ற கெடுவை வாசலிலேயே தொலைத்துவிடுகிறது. தயாரிப்பாளர்கள் "பாக்கெட் எதுவும் தொலையக் கூடாது" என்ற நல்லெண்ணத்தில் பஃபரைப் பெரிதாக வைத்ததால் வந்த வினை இது. பஃபர்புளோட் என்று இதற்குப் பெயரே இருக்கிறது.

பார்க்க ஆசைப்பட்டால் எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். ஒரு கணினியில் வெளியே இருக்கும் ஏதாவதொரு முகவரிக்குப் பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று காட்டும் கட்டளை) ஓடவிடுங்கள். 15, 16, 15, 17 என்று எண்கள் அமைதியாக வந்துகொண்டிருக்கும். இன்னொரு கணினியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை ஏற்றத் தொடங்குங்கள். 40, 180, 460, 720 என்று ஏறும். ஏற்றத்தை நிறுத்தினால் மூச்சு விட்டதுபோல மறுபடி 15க்கு இறங்கிவிடும். அலுவலகப் பொறுப்பாளரை அருகில் உட்காரவைத்து இதைக் காட்டிவிட்டால், பிறகு என்னிடம் யாரும் போனை மாற்றச் சொல்வதில்லை.

மருந்தில் இரண்டு பகுதி. முதலாவது, வரிசையை நம் கைக்குள் கொண்டுவருவது. மோடத்துக்குள் இருக்கும் வரிசையை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நம் ரவுட்டரில் அப்லோடு வேகத்தை அளந்து பார்த்த உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துகிறோம். அளந்து பார்த்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன், விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பி எழுதினால் இந்த ஏற்பாடே வேலை செய்யாது. இப்படிச் செய்ததும் மோடத்தில் வரிசை சேராது, நம் ரவுட்டரில் சேரும். இரண்டாவது, அந்த வரிசையில் குரலை முன்னால் விடுவது. குரல் பாக்கெட்டின் தலைப்பில் டி.எஸ்.சி.பி. 46 என்ற முத்திரை இருக்கும். பெரும்பாலான மேசைப் போன்கள் தாமே குத்திவிடும். 46ஐப் பார்த்தால் உடனே அனுப்பு, மற்றவை காத்திருக்கட்டும் என்று ரவுட்டருக்குச் சொல்ல வேண்டும். முதல் பகுதியைச் செய்யாமல் இரண்டாவதை, க்யூ.ஓ.எஸ். என்ற முன்னுரிமையை, மட்டும் செய்துவிட்டு "க்யூ.ஓ.எஸ். போட்டாச்சு சார், ஆனாலும் உடையுது" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரிசையே இல்லாத இடத்தில் முன்னுரிமை கொடுத்து என்ன பயன்? எஃப்.க்யூ. கோடெல் என்ற முறையைத் தாங்கும் ரவுட்டராக இருந்தால் வேலை இன்னும் சுலபம். பெரிய கோப்பு சின்ன உரையாடலை நசுக்காமல் அதுவே பார்த்துக்கொள்கிறது.

46 என்ற முத்திரைக்கு நம் ரவுட்டர் வரைதான் மதிப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொது இணையத்தில் கால் வைத்ததும் அதை யாரும் மதிக்க வேண்டிய கட்டாயமில்லை. அனேகமாக அடைப்பு நம் வாசலில்தான் என்பதால் அதுவே போதுமானதாக இருக்கிறது.

வேகத்தைக் கூட்டினால் பயனே இல்லையா? உண்டு. 2ஐ 20 ஆக்கினால் அதே கோப்பு பத்தில் ஒரு பங்கு நேரத்தில் போய்விடும், அடைப்பின் காலம் குறையும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் குரல் உடையத்தான் உடையும்.

ஓர் அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருந்த அம்மா, குரல் உடையும் நேரத்தையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்தது. ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் சில நிமிடங்கள், மதிய வேளையில் குறைவு, ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் அதே கதை. ஆட்கள் இல்லாத நாளிலும் உடைகிறது என்றால் மனிதர்கள் காரணம் இல்லை. பார்த்தால், கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டி மணிக்கொரு முறை சேர்ந்ததையெல்லாம் வெளியே ஏற்றிக்கொண்டிருந்தது. அதைப் பொருத்தியவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார், வேகக் கட்டுப்பாடு மட்டும் போடவில்லை. எத்தனையோ பணம் கொடுத்து வாங்கும் கண்காணிப்பு மென்பொருள்களைவிட அந்தத் தாள் எனக்கு உதவியது. அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் போன் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, "உடைந்தால் நேரம், யார் பேசியது கேட்கவில்லை, இது மட்டும் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அலுவலகத்துக்குள்ளே வருவோம். மேசைக்கு ஒரு சுவர்ப் புள்ளிதான் இருக்கும், அதில் ஏற்கெனவே கணினி இருக்கும். இணையப் போனின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவருக்கு, இன்னொன்று கணினிக்கு. போனுக்குள் ஒரு குட்டி ஸ்விட்ச் (பல கம்பிகளை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் பெட்டி) இருப்பதால் இரண்டும் ஒரே கம்பியில் போகின்றன. இந்த வசதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலிவான, பழைய போன்களில் அந்தத் துளைகள் 100 மெகாபிட்தான். போனுக்குப் பின்னால் போன கணினியும் 1,000இலிருந்து 100க்கு இறங்கிவிடும். பெரிய வரைபடக் கோப்புகளோடு வேலை செய்பவர்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்கு எழுதுபவர்களுக்குக் கடைசி வரை தெரியாது.

ஒரே கம்பியில் போனாலும் இரண்டையும் தனித்தனி விலேனில் (ஒரே கம்பிக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்கில்) வைப்பதுதான் முறை. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த போனைச் சொருகியதும் நடப்பதைக் கவனித்தால் அழகாக இருக்கும். அலுவலக ஸ்விட்ச் முதலில் கம்பி வழியாகவே மின்சாரம் கொடுக்கிறது, திரை ஒளிர்கிறது. எல்.எல்.டி.பி. என்ற நெறிமுறை வழியாகப் போன் "நான் தொலைபேசி" என்று அறிமுகம் செய்துகொள்ள, "அப்படியானால் உன் விலேன் 20" என்கிறது ஸ்விட்ச். போன் தன் பாக்கெட்டுகளில் 20 என்ற குறியைப் போட்டுக்கொண்டு நெட்வொர்க் முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டி.எச்.சி.பி. சர்வரிடம் முகவரி கேட்கிறது. முகவரியோடு கூடவே, அமைப்புக் கோப்பு எங்கே கிடைக்கும் என்ற விவரமும் அந்தப் பதிலின் ஆப்ஷன் 66 என்ற பகுதியில் வந்து சேர்கிறது. கோப்பை இறக்கி, ஒருமுறை மறுதொடக்கம் ஆகி, எக்ஸ்டென்ஷன் எண்ணோடு திரையில் வந்து நிற்கிறது. பின்னால் இருக்கும் கணினியின் பாக்கெட்டுகள் குறி எதுவும் இல்லாமல் பழைய நெட்வொர்க்கிலேயே போகின்றன. ஒரு மேசையில் இது தானாக நடந்துவிட்டால் மற்ற எல்லா மேசையிலும் நடக்கும். ஒவ்வொரு போனாக மெனுவுக்குள் போய்க் கையால் விலேன் எண் போடுபவர்கள், அதில் ஒன்று பழுதாகி மாற்றவேண்டிய நாளில் வருத்தப்படுவார்கள்.

விலேன் போட்டதாலேயே குரலுக்கு வேகம் கூடிவிடாது. கம்பி அதே கம்பிதான். கணினிகளின் கூச்சல் பாக்கெட்டுகள் போனை எட்டாமல் இருப்பதும், எது குரல் எது தரவு என்று ஸ்விட்சுக்குத் தெளிவாவதும்தான் லாபம்.

சொல்லாமல் விடக் கூடாத ஒரு விபத்து இருக்கிறது. மேசையை நகர்த்தும்போது யாரோ ஒருவர் நல்ல மனதோடு போனின் இரண்டு துளைகளையும் சுவரின் இரண்டு புள்ளிகளில் சொருகிவிடுவார். வளையம் உருவாகி, பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து சில விநாடிகளில் அலுவலகமே படுத்துவிடும். ஸ்விட்சில் லூப் பாதுகாப்பைப் போட்டு வைத்தால் அந்த ஒரு போர்ட்டை (துளையை) மட்டும் அது மூடிவிடும். தொலைபேசி வந்த பிறகு மேசைக்கு மேசை இரண்டு துளை கூடியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வைஃபையில் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம், கம்பி எட்டாத இடத்தில். மற்ற இடத்தில் வேண்டாம்.

மின்சாரக் கணக்கை ரேக் வாங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். 2003இல் வந்த பி.ஓ.இ. (நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரம் கொடுக்கும் முறை) தரப்படி ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும், கம்பியில் இழப்பு போகக் கருவிக்கு 12.95 கிடைக்கும். ஆனால் 24 போர்ட் ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் முழு அளவைக் கொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதற்கு 370 வாட் வேண்டும், பல ஸ்விட்சுகளின் மொத்த ஒதுக்கீடு அதில் பாதிதான். சாதாரண மேசைப் போன் சில வாட்டில் ஓடிவிடும் என்பதால் பிரச்சினை வராது. கேமராவையும் வைஃபை பெட்டியையும் அதே ஸ்விட்சில் மாட்டும்போதுதான் கடைசியாகச் சொருகிய போன் உயிர் பெறாமல் கிடக்கும்.

இனி வெளியுலகத்தோடு பேசும் பகுதி. இங்கே வரும் கோளாறுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து உண்டு, படிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அழைப்பு சரியாக 32 விநாடியில் அறுகிறதா? யோசிக்கவே வேண்டாம். எடுத்தவர் பக்கத்திலிருந்து "எடுத்துவிட்டேன்" என்ற செய்தி வரும், அதற்கு "சரி, தெரிந்தது" என்ற பதில் போக வேண்டும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால் எடுத்த பக்கம் திரும்பத் திரும்பச் செய்தியை அனுப்பிப் பார்த்துவிட்டு இணைப்பை வெட்டிவிடும். அரை விநாடியின் 64 மடங்கு என்று, அழைப்பைத் தொடங்கி முடிக்கும் சிப் (SIP) நெறிமுறையில் எழுதியிருக்கிறது. அதுவரை இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், அதனால்தான் யாருக்கும் காரணம் பிடிபடுவதில்லை. மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் மயான அமைதி என்றால் இன்னொரு கதை. போன் தன் உள்முகவரியை, 192.168 என்று தொடங்குவதை, செய்திக்குள் எழுதி அனுப்பியிருக்கிறது. எதிர்ப்பக்கம் அந்த முகவரிக்குக் குரலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெளியுலகில் அப்படி ஒரு முகவரியே கிடையாது.

இரண்டுக்கும் பொதுவான சந்தேக ஆசாமி ரவுட்டருக்குள் இருக்கும் சிப் ஏ.எல்.ஜி. என்ற வசதி. உதவி செய்கிறேன் என்று வந்து செய்திகளின் உள்ளே கைவைத்து முகவரிகளைத் திருத்தும். அரைகுறையாகத் திருத்தும். முகவரிச் சிக்கலை இப்போது சேவை தருபவரின் சர்வரே தன் பக்கத்தில் சமாளித்துக்கொள்கிறது, ஆகவே நான் எந்த அலுவலகத்திலும் முதல் வேலையாக இதை அணைத்துவிடுகிறேன். சில ரவுட்டர்களில் அணைக்க இடமே இருக்காது. அந்த ரவுட்டரைத் தூக்கிவிட்டு வேறு வைப்பதுதான் வழி.

"வெளிய போன் போகுது, உள்ள வரமாட்டேங்குது. ஆனா நாங்க ஒரு தடவை கூப்பிட்டுட்டா கொஞ்ச நேரத்துக்கு வருது" என்றால் ரவுட்டருக்கு மறதி. யூ.டி.பி. இணைப்புகளைப் பல ரவுட்டர்கள் 30 விநாடி சும்மா இருந்தாலே மறந்துவிடும். 20 விநாடிக்கு ஒருமுறை போன் சும்மா ஒரு பாக்கெட்டைத் தட்டிவிட்டால் கதவு திறந்தே இருக்கும். போன் மெனுவில் கீப் அலைவ் என்று இருக்கும்.

பாதுகாப்பு பற்றி ஒரே ஒரு விஷயம். அலுவலகத்துக்குள்ளேயே சொந்தமாகத் தொலைபேசி சர்வர் வைத்திருப்பவர்கள் சிப் செய்திகள் வரும் 5060 என்ற போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். திறந்த சில மணி நேரத்துக்குள் 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன்களைத் தட்டிப்பார்க்கும் நிரல்கள் வந்துவிடும். 101க்குக் கடவுச்சொல்லும் 101 என்றால், வார இறுதி இரவில் கேள்விப்படாத நாடுகளுக்கெல்லாம் உங்கள் செலவில் அழைப்பு போகும். சேவை தருபவரின் முகவரிக்கு மட்டும் வழி விடுங்கள், வெளிநாட்டு அழைப்பைத் தேவைப்படும் எண்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு பழைய இணைப்பை அவசரமாக வெட்டுபவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பழைய தொலைபேசிக்கு மின்சாரமே தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி வழியாக வந்தது, அதனால் கட்டடம் இருண்டாலும் போன் பேசியது. இணையப் போன் பேச வேண்டுமானால் ஸ்விட்ச், ரவுட்டர், மோடம் மூன்றுக்கும் யூ.பி.எஸ். வேண்டும். மூன்றில் மோடத்தை மறந்துவிடுவதுதான் வழக்கம், ஏனென்றால் அது அனேகமாக வேறு அறையில் சுவரோரம் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். லிஃப்டுக்குள் இருக்கும் அவசரப் போன், தீ எச்சரிக்கைப் பெட்டி, ஃபேக்ஸ் இவை மூன்றும் பழைய கம்பியில் யாருக்கும் தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கக் கூடும், ஃபேக்ஸ் ஜி.711இல் சில நாள் போகும் சில நாள் போகாது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து யூ.பி.எஸ்.ஸில் வெளியே ஓர் அழைப்பு போட்டுப் பார்த்த பிறகுதான் பழையதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுக்கலாம்.